ஸ்டெல்லாவின் அப்பா பேசிய கேசட்

பாச்சை உருண்டை வாசனையும் ஈரச் சுவர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும்... வேலூரில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் உள் அறை அது. 'அனுமதி இன்றித் திறக்கக் கூடாது' என்று கதவில் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கும். சாவி என் பொறுப்பு.

அந்த அறையின் மூலையில் ஓர் இரும்பு பீரோ. உள்ளே கேசட்டுகள். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கமெல்லாம் போய், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தவை. சிலர் மனம்விட்டுப் பேசிவிட்டு, "இத இப்போ வெளிய விடாதீங்க சார்" என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு மட்டும் அந்த பீரோவுக்குள் போனது.

ஸ்டெல்லா முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் பெண். இருபது வயது இருக்கும்.

"அக்கா, எங்கப்பா பேசின டேப்பு இங்க இருக்குதாமே? அம்மா சொன்னாங்க."

"அப்பா பேர் இன்னாம்மா?"

"ஆரோக்கியம்."

தேடினேன். இருந்தது... பீரோவுக்குள். 'என் முதலாளி உயிரோடு இருக்கும்வரை யாரும் கேட்கக் கூடாது' என்பது அவர் வைத்த நிபந்தனை. சொன்னேன்.

"அவர் கம்பெனிலதாங்க்கா நானும் வேலை செய்றேன்" என்றாள்.

பிள்ளைகளும் அவரிடமே வேலைக்குப் போக வேண்டியிருக்கும் என்றுதான் அப்பா மூடி வைக்கச் சொல்லியிருப்பார் என்று இரண்டு பேருக்குமே புரிந்தது.

"அப்பா இன்னா சொன்னார்னு எனக்கு வேணாங்க்கா. நான் ரெண்டாவது படிக்கும்போது போய்ட்டாரு. ஃபோட்டோ இருக்குது, மூஞ்சி தெரியும். குரல்தான் ஞாபகமே இல்ல. ஒரு நிமிஷம் போட்டா போதும்."

இயக்குநரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான். "குரலை மட்டும் தனியா எப்படிம்மா கேக்கறது? அந்த மனுஷனுக்கு வாக்கு குடுத்திருக்கோம். இத மீறினா நாளைக்கு யார் நம்மள நம்பிப் பேசுவாங்க?"

அவர் சொன்னது தப்பென்று அன்றும் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

ஸ்டெல்லா விடவில்லை. கிறிஸ்துமஸ் லீவில் வருவாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். பிறகு கைக்குழந்தையோடு வந்தாள். ஒரு தடவை மட்டும் அழுதாள்.

"ஒருத்தர் சாவுக்குக் காத்துனு இருக்கறது பாவம் இல்லையாக்கா? அவர் குடுக்கற சம்பளத்துலதான் சாப்புடறேன்..."

நடுவில், கேசட்டுகள் கெட்டுப்போகாமல் இருக்க அவ்வப்போது ஓட்டி வைக்க வேண்டும், அறைக்கு ஏசி வேண்டும் என்று இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தேன். ஏசிக்கு மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டுவதற்கு அவரே ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டினா கேட்ட மாதிரிதானேம்மா."

ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவர் ஊறிக்கொண்டே இருந்தது.

முதலாளி இறந்தபோது ஆம்பூரில் கடையெல்லாம் அடைத்தார்கள். ஸ்டெல்லா உடனே வரவில்லை. ஒரு மாசம் கழித்து வந்தாள். காப்பகக் கமிட்டி கூடி, அவளுக்கு அனுமதி கொடுத்தது.

பீரோவைத் திறந்தோம்... கேசட் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை.

டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்பவரைக் கூப்பிட்டு, முடிந்தவரை துடைத்து ஓட்டினோம். ஸ்டெல்லா ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உஸ்ஸென்ற இரைச்சல்... இரைச்சல்... நடுவில் திடீரென்று ஓர் ஆள் இருமுகிற சத்தம். நீளமான, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். அப்புறம் மறுபடியும் இரைச்சல். டேப் சிக்கி நின்றுவிட்டது. சிக்கலை எடுத்து மறுபக்கம் போட்டோம்; அதில் இருமலும் இல்லை.

ஒரு வார்த்தை கூட வரவில்லை.

"அவர்தாங்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "ராத்திரி பூரா இப்படித்தான் இருமுவாரு. இது எனக்கு ஞாபகம் இருக்குதுக்கா... இது மட்டுந்தான் ஞாபகம் இருக்குது."

அவள் எழுந்து, என் கையைப் பிடித்து, "உங்களுக்கு ரொம்ப பேஜார் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை.

போன வருஷம் ஒரு வேலையாகக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். புதுக் கட்டடம், ஏசி அறை. மூடிய பதிவுகளைக்கூட யார் காதிலும் விழாமலேயே மிஷின் நகல் எடுத்துவிடுமாம். "இப்பல்லாம் எதுவும் அழியாது மேடம்" என்று அங்கிருந்த பெண் பெருமையாகச் சொன்னாள். நல்லதும்மா என்றேன்.

இப்போதும் ஆம்பூர் வழியாகப் போனால், ஷிஃப்ட் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் ஸ்டெல்லாவைத் தேடுகிறேன். கண்ணில் பட்டால் என்ன பேசுவேன் என்றுதான் தெரியவில்லை.