டென்ஷனுக்கு ஒரு சர்டிபிகேட்

போன வாரம் என் டென்ஷனை ஊசி போட்டு உறிஞ்சி, அளந்து பார்த்தார்கள்.

கொஞ்ச நாளாகவே ஒரே அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் மட்டும் உப்பிக்கொண்டே போனது. கருமத்தம்பட்டியில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆள் தெளிந்துவிட்டதாகப் பாராட்டினார்கள். எங்கள் ஊரில் முகம் வீங்கினால் அதற்குப் பெயர் செழிப்பு!

கோவையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். கார்டிசால் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமாம். டென்ஷன் வந்தால் ஏறுகிற ஹார்மோன் அது என்று அவர் சொன்னதும் என் அசதியெல்லாம் பறந்துவிட்டது.

ஏனென்றால்... எங்கள் வீட்டில் இருபது வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. யாருக்கு டென்ஷன் அதிகம்? வாராவாரம் இந்தப் பத்திக்கு விஷயம் தேடி மண்டை காயும் எனக்கா, என்னோடு குடும்பம் நடத்தும் என் மனைவிக்கா? இப்போது லேபே எனக்குச் சாட்சி சொல்லப் போகிறது.

லேபில் ஒரு படிவம் நீட்டினார்கள். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்கிற திமிர் அந்த எழுத்திலேயே தெரிந்திருக்கும்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. கார்டிசால் – மிக மிகக் குறைவு.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“ஏனுங்க, உங்களுக்கு டென்ஷனே இல்லீன்னு போட்டிருக்குதுங்க. அத்தனையும் எனக்குத்தான் வந்திருக்குதாட்டங்க” என்றாள்.

வழக்கு தள்ளுபடி!

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி, “அந்தப் பொட்டணத்தைச் சொல்லுங்க” என்றாள்.

பொட்டணமா... அது ஒன்றுமில்லை. மெடிக்கல் கடையில் இடுப்பு வலிக்கு ஒரு செட் என்று கேட்டால், நாலு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார் கடைக்காரர். எட்டு மாதமாகத் தினம் ஒரு செட். சீட்டும் இல்லை, பெயரும் இல்லை என்பதால் அதை நான் மாத்திரையாகவே மதித்ததில்லை.

அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும், முகம் உப்பியதும் அதனால்தான் என்றார் டாக்டரம்மா. வெளியிலிருந்து சரக்கு வருவதைப் பார்த்து உடம்பு சொந்தத் தயாரிப்பை நிறுத்திக்கொள்ளுமாம்.

“அதுக்குன்னு டக்குன்னு நிறுத்திப்போடாதீங்க, உயிருக்கே ஆபத்துங்க. பேரைக் கேட்டுட்டு வாங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கோணும்.”

நிஜமாகவே பயந்துவிட்டேன். ஆனால் ஒழுங்காகப் பயப்படக்கூட என் உடம்பில் சரக்கு இல்லையே!

நேராகக் கடைக்குப் போய், மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டேன். கடைக்காரர் மரியாதையாகச் சிரித்தார்.

“பேரெல்லாம் எதுக்குங்கண்ணா? வலிக்கு நல்லாக் கேக்குதல்லங்க?”

நகராமல் நின்றேன். கடைசியில், மாத்திரை மடிக்கிற அதே காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். டாக்டரம்மா சந்தேகப்பட்ட அதே ஸ்டீராய்டுதான்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? எட்டு மாதமும் மாத்திரை நன்றாகத்தான் கேட்டது... கேட்காமல் விட்டது நான்தான்.