பாருக்கு மாசம் கேட்ட ஜெபசிங்

"ஜெபசிங் போயிட்டான்" என்று ஃபோன் வந்தபோது, அவனோடுதான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். முத்தையாபுரத்தில் பஸ் ஏறியவன் ஆபீஸ் வந்து சேரவில்லை. அவனுக்கென்று வைத்திருந்த பதிலை நான் யாரிடம் சொல்ல? கோபம் கோபமாக வருகிறது.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே அறையில் நாங்கள் இரண்டு கட்சி. எது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் எல்லை போட்டுப் பதிவது என் வேலை. நீரோட்டம் மணலை எப்படி நகர்த்தும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. "நீ போட்டோ புடிக்கே, நான் சினிமா எடுக்கேன். ரெண்டையும் சேத்தாத்தாம்ல கடலு" என்பான். வாய்க்கொழுப்பு!

துறைமுகத்தில் தோண்டும் சேற்றைக் கடலில் எங்கே கொட்டலாம் என்று படம் கேட்டிருந்தார்கள். சிப்பியும் சங்கும் விளைகிற கடலடிப் பாறைத்திட்டைத்தான் நம் பக்கம் பார் என்போம். தை மாதம் போன சர்வே படகு, ஒரு பார் இருந்த இடத்தில் வெறும் மணல் என்றது. வைகாசியில் படம் போடும்போது அதை நம்பி, 'இல்லை' என்று போட்டு அழித்துவிட்டேன். அழித்தால் அங்கே சேறு கொட்டலாம் என்று அர்த்தம்.

ஜெபசிங் குதித்தான். "ஏலே, அழிக்காதல. வாடக் காத்துல மண்ணு மூடும், கச்சான் காத்து வந்தா தொறக்கும். எந்தெந்த மாசம் இருக்குன்னு ஒரு கட்டம் போடு, கணக்கு நான் தாரேன்." என் படத்தில் மாதத்துக்கு இடமே கிடையாது. இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். அவன் கணக்கை இணைக்க அடிப்படையையே பிரித்துக் கட்ட வேண்டும். அடுத்த தடவை பார்ப்போம் என்றேன். "பாரு செத்தா அடுத்த தடவ ஏதுல?" என்றான். பிறகு இரண்டு வாரம் பேச்சில்லை.

கல்லறைத் தோட்டத்தில், சங்கு குளிக்கிற மிக்கேல் அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். "போன வாரம் ஜெபசிங் சாரு எங்கூட வந்து, அந்தப் பாரு தொறந்து கெடக்கத பாத்துட்டுப் போனாவ. படத்துல ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு" என்றேன். பொய் சொன்ன வாயோடுதான் அவனுக்கு மண் போட்டேன்.

மூன்று நாளாகப் பிரித்துக் கட்டுகிறேன். மாதத்துக்குக் கட்டம் போட்டு, அவன் கம்ப்யூட்டரிலிருந்து அவன் கணக்கை இழுத்ததும், பார் ஆனியில் விரிந்தது, மார்கழியில் மறைந்தது. அங்கே கொட்டக் கூடாது என்று எழுதி, படத்தைக் கொடுத்துவிட்டேன். கேட்பார்களோ மாட்டார்களோ, இருப்புக் கொள்ளவில்லை.

அவனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இதுதான்: 'இல்லை' என்று எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்குப் பக்கத்திலும் இன்னும் எழுதவில்லை.