நிறம் காட்டாத உலோகம்

பட்டறையில் அவரை எல்லோரும் அலுமினியம் என்றுதான் கூப்பிட்டார்கள். "அலுமினியம் வந்தாச்சா?" என்று முதலாளியம்மா குரல் கொடுத்தால், சரக்கைக் கேட்கிறாரா ஆளைக் கேட்கிறாரா என்று புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள்.

கார் ஏசியின் கண்டென்சர், குளிர்பெட்டிக் குழாய், அடியில் ஓட்டை விழுந்த டாங்க் என அலுமினியத்தில் எது வந்தாலும் அவருடைய மேஜைக்குப் போகும். செம்பு வந்தால் எதிர் மேஜையில் மச்சானுக்கு. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவன் சொல்லித்தான் இவருக்கு இந்த வேலையே கிடைத்தது.

அலுமினியத்தைப் பிரேசிங் செய்வது, அதாவது சுடரில் கம்பியை உருக்கி மூட்டுகளை ஒட்டவைப்பது, பலருக்கும் பிடிக்காத வேலை. செம்பும் இரும்பும் சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் வாயைத் திறக்காது. வெள்ளையாகவே இருந்து, வெள்ளையாகவே பொத்தென்று உருகி விழும்.

அவர் நிதானமாக ஆரம்பிப்பார். தனியாக வைத்திருக்கும் கம்பி பிரஷ்ஷால் மூட்டைத் தேய்ப்பார். அந்தப் பிரஷ்ஷால் யாராவது இரும்பைத் தேய்த்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒட்டு பிடிக்க உதவும் வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, கேஸ் டார்ச்சின் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். பொடி காயும், பொரியும், பிறகு சட்டென்று தெளிந்து தண்ணீராக மினுங்கும். அப்போது ஒட்டுக்கம்பியால் மூட்டைத் தொட வேண்டும். கம்பி இளகி மூட்டைச் சுற்றி ஓடிவிடும். கடைசியில் வெந்நீரில் கழுவல். பொடி ஒட்டியிருந்தால் உலோகத்தை அரித்துவிடும்.

இதில் மட்டும் இவர் எப்படி இவ்வளவு கெட்டிக்காரர் என்று யாரும் யோசித்ததில்லை. அவருக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. இளவயதில் வேறொரு பட்டறையில் செம்புக் குழாய்களை உருக்கித் தள்ளியதற்காகத் துரத்தப்பட்டிருக்கிறார். அலுமினியத்தில் எல்லோரும் நிறத்தைத் தேடி ஏமாந்தார்கள். அவர் தேடவேயில்லை.

மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். கல்யாணமான புதிதில் பை நிறையக் காய்த் தக்காளியாகப் பொறுக்கி வந்தார். "பழுத்ததா பாத்து வாங்கச் சொன்னேனே?" "பாத்துதான் வாங்கினேன்." அன்றிலிருந்து கடையில் அவருக்குப் பை தூக்கும் வேலை மட்டும்தான்.

ஒருநாள் மச்சான் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். அவன் கை கூடும்வரை செம்பு வேலையையும் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியம்மா இவரிடம் சொன்னார். இவரும் தலையாட்டிவிட்டார்.

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"சொன்னா, கண்ணு தெரியாதவன் கையில நெருப்பக் குடுத்தோமான்னு கேப்பாங்க. டார்ச்சப் புடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இந்த வயசுல வேற யாரு சேத்துப்பா?"

ஐஸ்கிரீம் கடை ஒன்றிலிருந்து செம்புக் குழாய்கள் வந்தன. முதல் குழாய் அவர் கண்ணெதிரிலேயே வளைந்து தொய்ந்தது. இரண்டாவதில் கம்பி ஓடியது; பிழைத்தோம் என்று நினைத்தார். காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியதும் மூட்டிலிருந்து குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பின.

முதலாளியம்மா பின்னால் நின்றிருந்தார். "என்ன அலுமினியம், செவந்ததும் தீயை எடுக்கத் தெரியாதா?"

"செவந்துச்சான்னு தெரியலம்மா."

"அசந்துட்டியா?"

"இல்லம்மா. பாத்துட்டுதான் இருந்தேன். எனக்குச் செவப்பு தெரியாது."

முதலாளியம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிலிண்டர்களைப் பார்த்தார். ஒன்றுக்குச் சிவப்பு ஹோஸ், இன்னொன்றுக்கு நீலம்.

"அப்ப இத இத்தன வருஷமா எப்படி மாட்டுன?"

"கேஸ் நட்டு எடம்புரி, மத்ததுக்கு எதிர்ப்பக்கமா திருகணும், அதுல வெட்டு இருக்கும். கையில தட்டுப்படும்மா."

"நாளைக்கு வா. பாக்கலாம்," என்றார். அந்தப் 'பாக்கலாம்' அவருடன் வீடுவரை வந்தது.

சாயங்காலம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மச்சான் வந்தான். அதற்குள் யாரோ போனில் சொல்லியிருந்தார்கள்.

"ஏன் மாமா, எங்கிட்டகூடச் சொல்லக்கூடாதா? நான்தானே வாய் குடுத்து உங்கள உள்ள சேத்தேன்? இப்ப என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"இருக்கிற எடத்துலயே வெச்சுக்க," என்றாள் அக்கா. "நல்லாத்தான் இருக்கு. உனக்கு ஒடஞ்சது கைதானே? கண்ணு நல்லாயிருக்கில்ல?"

அவன் தன் கட்டுப்போட்ட கையையும் மாமாவையும் பார்த்தான். "சரி, காலைல நானும் வர்றேன்," என்று எழுந்தான்.

மறுநாள் காலை அவர் போனபோது மச்சான் அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். முதலாளியம்மாவும் வந்து நின்றார். "சிலிண்டரை மட்டும் இனிமே நீ தொட வேணாம்," என்றார். அது அவருக்குச் சுருக்கென்றது. சரியென்றார். வேறொருவர் வால்வைத் திறந்துவிட, அவர் சுடரைப் பற்றவைத்துச் செம்பில் காட்டினார்.

"இன்னும்... இன்னும்... மாமா, எடுங்க!"

எடுத்தார். கம்பியை வைத்தார். ஓடியது.

"கத்தாதடா. கண்ணுதான் இப்படி, காது நல்லாத்தான் கேக்குது."

"நேத்து நான் இல்லாம குழாய் தொங்குச்சாமே. அப்ப கத்த ஆளில்ல."

குழாய் தொட்டிக்குள் போனது. முதலாளியம்மா குனிந்து பார்த்தார். ஒரு குமிழி மேலே வந்தது. கையிடுக்கில் இருந்த காற்று. அப்புறம் எதுவும் வரவில்லை. இன்னும் சற்று நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கை கூடுறவரைக்கும் ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு," என்று சொல்லிவிட்டு, அடுத்த குழாயை எடுத்து மேஜையில் வைத்தார்.