மூன்று வருசப் படிப்பும் ஒற்றைக் காளையும்

சேலத்துச் சவரிராயன் நாமகிரிப்பேட்டை மஞ்சள் பண்ணைக்காரி மாரக்காளுக்கு நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். ஐம்பத்தொன்றாம் வருசம், தங்கை இன்பமேரியைச் சென்னையில் ஆனர்ஸ் படிப்பில் சேர்க்க வாங்கிய பணம் அது.

அவன் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் சேலத்துக்கு மஞ்சள் ஏற்றிவந்த வண்டிக்காரர்களில் அவனை மிஞ்ச ஒருவன் பிறக்கவில்லை. மூட்டையைத் தொட்டே எடை சொல்வான். இரண்டு வெள்ளைக் காளைகளும் சொந்த வியர்வையில் வாங்கியவை, அப்பன் காசு காலணா கிடையாது. விடியற்காலை ராசிபுரம் சாலையில் அவற்றின் சலங்கை கேட்டு எழுந்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

பி.ஏ. என்றால் இரண்டு வருசம் என்பது அன்று ஊரறிந்த கணக்கு. ஆனர்ஸும் அப்படித்தான் என்று நினைத்து, "ரெண்டு வருசத்துல தந்தர்றனுங்க அக்கா" என்று மாதா மேல் ஆணையிட்டு வாங்கிவிட்டான். அந்தத் தவணை இன்பமேரிக்குத் தெரியாது.

ஐம்பத்துமூன்று வந்தது, படிப்பு முடியவில்லை. மஞ்சள் களத்தில் நாலு பேர் முன்னால் மாரக்காள் கேட்டாள்.

"ஏஞ்சாமி, ரெண்டு வருசப் படிப்ப உன்ற தங்கச்சி மூணு வருசம் படிக்கறாளாமே. எங்கூட்டு எருமை கூட அத்தனை மந்தமில்லையே."

களமே சிரித்தது. வாக்குத் தவறியவன் வண்டியில் அந்தப் பக்கம் ஒருவரும் மூட்டை ஏற்றமாட்டார்கள். தங்கையைக் கூட்டிவந்துவிடுவதென்று ரயிலேறினான்.

கல்லூரி வராந்தாவில் நின்று பார்த்தான். பி.ஏ. வகுப்பில் நூறு பெண்கள் சந்தைக் கூட்டம்போல் இருந்தார்கள். ஆனர்ஸ் அறையில் ஏழே பேர், ஒரே மேசை. பேராசிரியை ஒவ்வொருத்தி எழுதியதையும் வரிவரியாகத் திருத்தினார். இன்பமேரி எதையோ மறுத்துப் பேச, அந்த அம்மாள் யோசித்து, சரிதான் என்று தலையசைத்தார். வீட்டில் வாய் திறக்காத பெண் அவள்.

வெளியே வந்தவள் விவரம் சொன்னாள். பி.ஏ. இரண்டு வருசம், அதன்மேல் எம்.ஏ. இன்னும் இரண்டு. ஆனர்ஸ் மூன்றே வருசம். பிறகு பரீட்சை இல்லாமல் கட்டணம் கட்டினாலே எம்.ஏ. பட்டம். நேராகக் கல்லூரியிலேயே பாடம் சொல்லப் போகலாம்.

நாலு நடை சரக்கு மூன்று நடையில் போய்ச் சேர்கிறது. வண்டிக்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? "நீ படி கண்ணு" என்று மட்டும் சொல்லித் திரும்பினான்.

ஜோடியில் ஒன்றை அவிழ்த்து மாரக்காள் தொழுவத்தில் கட்டினான். "இன்னும் ஒரு வருசமுங்க. அதுவரைக்கும் இது உங்க காட்டுல உழுவட்டும், அதுதான் வட்டி."

இரட்டை மாட்டு வண்டி ஒற்றைக் காளையில் ஓடாது. மற்றதை வாடகைக்கு விட்டு, லாரிக்கு மூட்டை ஏற்றும் கூலியாகப் போனான். வண்டி வைத்திருந்தவன் கூலியா என்று கேலி பேசினார்கள். அறுபதுகளில் அவனுக்கே மூன்று லாரி ஓடியது. கேலி பேசியவர்கள் சரக்கும் அதில்தான் போனது.

ஐம்பத்துநாலில் இன்பமேரி முதல் வகுப்பில் தேறினாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் உடனே வேலை, முதல் சம்பளம் நூற்றைம்பது. அண்ணன் கையில் இருநூற்றைம்பது. இருவருமாக நாமகிரிப்பேட்டை போனார்கள். அவன் நீட்டிய பணத்தை மாரக்காள் வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இன்பமேரி பக்கம் திரும்பினாள்.

"நீ எண்ணிக் குடு சாமி. எருமைன்னு சொன்ன வாய்க்கு அதுதான் மருந்து."

பத்துப் பத்து ரூபாயாக இன்பமேரி எண்ணினாள். தொழுவத்தில் வெள்ளைக் காளை சவரிராயனைக் கண்டு தலையாட்டிக்கொண்டிருக்க, நாற்பதாவது நோட்டு மாரக்காளின் விரித்த உள்ளங்கையில் விழுந்தது.