பேய்ப் படத்தைப் பற்றி நான் சொன்ன கருத்து

பேய்ப் படம் என்றால் எனக்கு உயிர். என் முகத்தில் இடது பாதி தீயில் வெந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன், மருந்து பற்றிக்கொண்டது. அதற்கு முன்னாலும் பேய்ப் படம் பார்த்தேன், பின்னாலும் பார்க்கிறேன். இந்த முகத்தை ஒருநாளும் முந்தானையால் மூடிக்கொண்டு தெருவில் போனவள் இல்லை நான்.

சின்ன வயதில் பார்த்து மிரண்ட ஒரு படத்தை இப்போது புதுசாக எடுத்திருக்கிறார்கள் என்று மகள்தான் சொன்னாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். "வாம்மா, ரெண்டு பேரும் போவோம்" என்றாள். பள்ளிக்கூட மீட்டிங்குக்கெல்லாம் அப்பாவை மட்டுமே கூட்டிப்போனவள், அவளாக என்னைக் கூப்பிடுகிறாள்! திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சாபீசில் காலண்டர் சீசன். லீவு கேட்டதும் முதலாளி மூஞ்சியைத் தூக்கினார். தூக்கினால் தூக்கட்டும் என்று விருதுநகருக்கு பஸ் ஏறினோம்.

பழைய படத்தில் பேய் கிணற்றில் விழுந்து செத்தவள். முகத்தையே காட்ட மாட்டார்கள். ஈரக் கால்தடம் மட்டும் வரும், குலை நடுங்கும். புதுசில் அவளை எரித்துக் கொன்று, வெந்த முகத்தைத் திரை நிறையக் காட்டினார்கள். தியேட்டரில் யாரும் கத்தவில்லை. அதுவரை கேட்ட விசிலும் நின்றுபோனது. எங்கள் பக்கம் அப்படி ஒரு முகம் இல்லாத தெரு ஏது? முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்தால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே ஒருவன் மைக்கை நீட்டினான். "அக்கா, படம் எப்படிக்கா இருக்கு?" எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"எங்கய்யா நல்லா இருக்கு? வெந்து செத்தவ எதுக்கு வந்து ஊரான் கழுத்தக் கடிக்கா? தீப்பட்டவளுக்கு நாக்கு வறண்டு தண்ணி தண்ணின்னுதான் கேக்கத் தோணும். இந்த மூஞ்சியக் காட்டித்தான் பயங்காட்டணும்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல? மேக்கப் செலவாவது மிஞ்சியிருக்கும்!"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பெருமையாகத் திரும்பினால் மகளைக் காணோம். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருந்தாள். "ஒரே கூட்டமா இருந்துச்சும்மா" என்றாள். நானும் நம்பினேன்.

மறுநாள் அந்த வீடியோ இன்ஸ்டாகிராமில் வந்தது. அச்சாபீசில் எல்லோரும் என் போனைச் சூழ்ந்துகொண்டு பார்த்தோம். "அக்கா சொன்னது அம்புட்டும் நெசம்" என்று கீழே எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஓட்டினேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் நடந்தது கண்ணில் பட்டது. நான் வாயைத் திறந்ததுமே மஞ்சள் சுடிதாரில் என் மகள், துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நழுவுகிறாள். நான் மூடாத முகத்துக்காக அவள் தன்னுடைய நல்ல முகத்தை மூடிக்கொண்டாள்.

அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அத்தனை வருஷமும் எனக்கு வராத கூச்சம். நாலு பேர் கைதட்டலுக்காக என் பிள்ளையை இப்படிச் சந்தியில் நிறுத்திவிட்டேனே!

அவளோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி கீழே கேட்டிருந்தாள். "பின்னால மஞ்சள் சுடிதார் நம்ம கிளாஸ் பிள்ளதானே? இது அவ அம்மாவா?"

டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பதில் அடித்தேன். "பேசுனது நான்தாம்மா. நான் தனியாத்தான் படத்துக்குப் போனேன். அந்தப் பிள்ள யாருன்னு எனக்குத் தெரியாது."

அனுப்பியதைத் திரும்பவும் படித்தேன். பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது? ஆனாலும் ஒரு நப்பாசை. மகள் இதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி எழுதுன? முதல்ல அதை அழி" என்று போன் போட்டுக் கத்துவாள், உடனே அழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வேலை முடியும்வரை போன் வரவில்லை.

ஆமத்தூரில் இருக்கிற வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது போன் அதிர்ந்தது. என் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் விழுந்திருந்தது. யார் போட்டது என்று தொட்டுப் பார்த்தேன். என் மகள்.