நாற்பத்தோராவது கார்

ஜவுபர் சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை வெளியே இழுக்கிறார். அடிநுனியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்கிறார். காரை விற்க வந்தவனும் பக்கத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். வெள்ளத்தில் கிடந்த காரை எத்தனை தடவை கழுவினாலும் பெல்ட்டின் சுருளுக்குள் ஒரு சேற்றுக்கோடு தங்கிவிடும் என்று ஜவுபர் கண்டுபிடித்திருக்கிறார். பெல்ட் தேறினால் அடுத்தது காரின் அடிவயிறு. சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்து உள்ளே போவார். துருப்பிடித்த இடத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்ப்பார். கடலோரம் நின்ற காரா, வயற்பக்கம் நின்ற காரா என்பது உப்பில் தெரியுமாம். எந்த வீதியில் நின்றது என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று சத்தியம் செய்கிறவர்கள் கல்முனைக்குடியில் நாலு பேராவது இருக்கிறார்கள்.

இத்தனையையும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவி ஸகியா டீச்சர். கையில் புத்தகப்பை, தலையில் ஸ்கார்ஃப், காதில் தூரத்து பஸ்ஸின் ஹோர்ன். கணவர் தனக்குக் கார் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பதினொரு மாதம். பார்த்த கார்கள் நாற்பது. வாசலுக்கு வந்தவையும் நாற்பது. நின்றது ஒன்றுமில்லை.

ஜவுபர் இருபத்திரண்டு வருஷம் நெல்லுத் தரகராக இருந்தவர். மூட்டையைக் குத்தி உள்ளே கிடக்கும் நெல்லை வெளியே எடுக்கிற குத்தூசி ஒன்று இன்றைக்கும் அவருடைய இடுப்புப் பெல்ட்டில் செருகியிருக்கும். பல்லுக் குத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது உதவும். பெட்ரோலுக்காக ஊரே மூன்று நாள் வரிசையில் நின்ற வருஷத்தில், வரிசையைப் பார்த்துக்கொண்டே ஒரு மின்சாரக் கார் சத்தமில்லாமல் போனது. அதற்குப் பின்னால் சைக்கிளில் பாண்டிருப்புவரை துரத்திக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது வேறு மனிதராக வந்தார். புதுக் கார் நமக்கு எட்டாது. பழையதில் நல்லதைப் பொறுக்கத் தெரிந்தவனுக்குத்தான் வாழ்வு என்று அன்றிரவு சோற்றுக்கோப்பைக்கு முன்னால் அறிவித்தார். ஸகியாவும் சரிதான் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் இன்றுவரை நொந்துகொண்டிருக்கிறார்.

பழைய மின்சாரக் காரில் பெட்டரிதான் உயிர். அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, டாஷ்போர்டின் ஓரத்தில் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும். தேயத் தேயக் கட்டம் குறையும். விற்க வருகிறவர்கள் அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டு முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

“காக்கா, பாருங்க, பன்னெண்டு கட்டமும் அப்பிடியே இரிக்கி.”

“மூட்ட வாய்ல இரிக்கிற நெல்லு எல்லாருக்கும் நல்லாத்தான் மனே இரிக்கும். எனக்கு வகுத்து நெல்லக் காட்டு” என்பார் ஜவுபர்.

கணினியை மாட்டி அந்தக் கட்டங்களைப் பொய்யாக நிரப்பிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். நிரப்பிய பொய் சில வாரம் நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக விழும். ஆகவே வயிற்றைப் பார்க்க அவர் ஒரு முறை வைத்திருக்கிறார். நூறு வீதம் சார்ஜ் ஏற்றி, முன்னால் மனைவி, பின்னால் மகள் ஸம்றாவும் இரண்டு நெல்மூட்டையும், ஏசி முழு வேகத்தில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுச் சந்திவரை போய்த் திரும்பி வரவேண்டும். திரும்பி வந்ததும் எத்தனை வீதம் மிச்சம் என்று பார்த்தால் பெட்டரியின் வண்டவாளம் தெரிந்துவிடும். இதில் பிழை சொல்ல முடியாது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஸகியாவே அதை ஒத்துக்கொண்டார். ஆனால் இந்தக் கணக்கில் அவர் அக்கரைப்பற்றுக்கு நாற்பது தடவை போய் வந்துவிட்டார். ஒரு தடவைகூடக் காரைவிட்டு இறங்கியதில்லை. இறங்கினால் எடை குறையுமாம்.

“உம்மா, அந்தச் சந்தியில ஒரு சாப்புக்கடை இரிக்கி, ஆறு மாசமா கண்ணாடிக்குள்ளால ஒரே சல்வார நான் பாத்துக்கிட்டு வாறன்” என்று ஸம்றா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து முறையிடுவாள். “நேத்து அதையும் வித்திட்டானுகள்.”

இந்தக் கார்கள் எல்லாம் ஜப்பானிலிருந்து வந்தவை. பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரி மிக மரியாதையாக ஏதோ சொல்லுவாள். ஜவுபர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, தலையைச் சாய்த்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டு, “ஓம், ஓம்” என்ற பிறகுதான் காரை நகர்த்துவார்.

“அவள் செல்றது என்னண்டு தெரியாமலே ஓம் செல்றீங்க. நான் தமிழ்ல செல்றன். எனக்கு மட்டும் ஸபுரா?” என்று ஸகியா கேட்பார்.

“ஸபுர் செய் புள்ள. கொஞ்சம் பொறு, இதவிட வடிவானது ஒண்டு வரும்.”

அதுதான் அவருடைய நோய். கார் மோசமென்றால் அவருக்குக் கஷ்டமில்லை. ஒரு சிரிப்போடு திருப்பி அனுப்பிவிடுவார். நல்லதாக இருந்தால்தான் அவருக்குப் பதற்றம் வரும். நெற்றியில் வியர்வை, வாயில் “பாப்பம்.” இரண்டு நாள் பார்ப்பார். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் வந்து, “காக்கா, எனக்கொண்டு பாத்துத் தாங்க” என்றால் போதும், அதே காரை நின்ற நிலையில் முடித்துக் கொடுப்பார். பல் டொக்டர் ஒருவர், நிந்தவூரில் மரவேலை செய்கிற ஓடாவியார் ஒருவர், புதுமாப்பிள்ளை ஒருவன் என்று ஏழு பேர் இவருடைய மூக்கையும் நாக்கையும் நம்பி ஏழு நல்ல கார்களில் போகிறார்கள். ஏழு பேரும் இவரைக் கண்டால் காரை நிறுத்தி சலாம் சொல்கிறார்கள். அதிலும் இரண்டு பேர் பஸ்தரிப்பில் நிற்கிற ஸகியாவுக்குச் சேறடித்துவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

வீடு ஸகியாவுடையது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தாய் தகப்பன் கட்டிக் கொடுக்கிற வீடு. ஜவுபர் அதற்குள் வந்த மாப்பிள்ளை. அந்த வீட்டு முற்றத்தில், கார் வருவதற்கு முன்பே கார் சார்ஜ் ஏற்ற ஒரு தனிப் பிளக் வந்துவிட்டது. நல்ல தடிப்பான வயர், பூமிக்குள் ஆறடி செம்புக் கம்பி, மழை படாமல் மேலே ஒரு தகரம். பதினொரு மாதமாக அதில் ஊரார் கார்கள் வந்து மாடு தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்துவிட்டுப் போகின்றன. காலையில் ஸகியா அவற்றைச் சுற்றி, இடுக்கால் உடம்பை ஒடுக்கி, கேற்றைத் திறந்து பஸ்ஸுக்கு ஓடுகிறார்.

ஓடவேண்டித்தான் இருக்கிறது. அவருக்கு இடமாற்றம் கிடைத்த பள்ளிக்கூடம் சவளக்கடையில். ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு ஒன்று இழுப்பார்; அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவர். ஸகியாவின் இருபத்து மூன்று வருஷக் கையெழுத்தில் இந்த வருஷம்வரை ஒன்றும் கோட்டுக்குக் கீழே விழுந்ததில்லை. ஆனால் போகிற வழியில் கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே போகும் தாழ்ந்த வீதி அது. மாரி பிடித்தால் தண்ணீர் வீதிக்கு மேலாகவே நடந்து போகும். தண்ணீர் வந்தால் பஸ் நினைத்த நேரத்துக்கு வரும், நினைக்காவிட்டால் வராது. இந்த ஐப்பசியில் முதல் மழைக்கே இரண்டு தடவை கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் பேனையை வைத்த கையோடு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர் காரைதீவு சுலக்சனா டீச்சர். ஸகியா அவரைத் தையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“எங்கட மனிசன் ஊருக்குச் செய்வார், வீட்டுக்குச் செய்யமாட்டார். நீ போய் ஒனக்கெண்டு கேளு.”

“ஐயோ டீச்சர், எனக்குக் கார் ஓடவே தெரியாதே!”

“அது இன்னம் நல்லம். ஓடத் தெரிஞ்சவங்கட்ட நிறையக் கேள்வி கேப்பார்.”

அன்று பின்னேரமே சுலக்சனா வாசலில் வந்து நின்று, “காக்கா, எனக்கொரு கார் பாத்துத் தாங்க, மாரி பிடிக்க முதல் வேணும்” என்றார். ஜவுபர் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

ஒன்பது நாள். பதினொரு மாதம் முடியாதது ஒன்பது நாளில் முடிந்தது. அட்டாளைச்சேனையில் அஸ்கி சேர் என்றொரு ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வெள்ளைக் கார், ஒரே கை ஓடியது, பதினொரு கட்டம், மாமரத்து நிழலைவிட்டு நகராதது. பெல்ட்டில் கோடில்லை. அடியில் உப்பில்லை. நெல்மூட்டைகளோடு அக்கரைப்பற்றுக்குப் போய்வந்தும் பாதிக்கு மேல் மிச்சம். ஜவுபர் விலை பேசத் தொடங்கியபோது அஸ்கி சேர் வீட்டில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்வது கேட்டதாம். முடித்தபோது பொழுதுபட்டு மஃரிபுக்குக் கேட்டதாம். காரோடு சேர்த்து அவருடைய குடையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஒரு கதை. குடை ஸகியா வீட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

“தங்கச்சி, யோசிக்காதீங்க. இதை விட்டா பொறகு அழுவீங்க” என்று அவர் போனில் சுலக்சனாவுக்குச் சொன்னதை, குசினிக்குள் நின்று ஸகியா கேட்டார். பதினொரு மாதமாகத் தன் காதுக்கு வரும் என்று காத்திருந்த வசனம் அது. வேறொருத்தியின் காதுக்குப் போனது. வெட்டிக்கொண்டிருந்த மீனின் தலை, வேண்டியதைவிடச் சற்றுப் பலமாகத் துண்டானது.

பத்திரங்களில் கையெழுத்து வைக்கிற அன்று, ஜவுபருக்குத் தெரியாமல் ஸகியாவும் காருக்கென்று சேர்த்த காசோடு சுலக்சனாவோடு சேர்ந்து அட்டாளைச்சேனைக்குப் போனார். சனிக்கிழமை காலை, முற்றத்துப் பிளக்கில் வயிறு நிறையக் குடித்துவிட்டு வெள்ளைக் கார் நின்றது. ஜவுபர் சாவியைச் சால்வை நுனியால் துடைத்துச் சுலக்சனாவிடம் நீட்டினார். சுலக்சனா அதை வாங்கவில்லை. விரலால் ஸகியாவைக் காட்டினார்.

ஜவுபருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. ஸகியா பத்திரத்தை விரித்துத் தன் பெயரைக் காட்டிய பிறகு, ஜவுபர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் வாய் திறந்தது.

“பின் டயர் கொஞ்சம் ஒருபக்கமாத் தேஞ்ச மாதிரி இல்லியா?”

மூன்றாம் சுற்றில், “இந்தக் கதவு சாத்தக்குள்ள ஒரு சத்தம். அவசரப்பட்டுட்டம் போல.”

சுலக்சனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நேத்து எனக்குச் சொல்லக்குள்ள தங்கம் எண்டீங்களே காக்கா?”

“நேத்து அது ஒங்கட கார் தங்கச்சி” என்றார் ஜவுபர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஸகியா சிரிக்கவில்லை. கலியாணமான வருஷம் அவருடைய இரண்டு காப்புகளை விற்று ஜவுபர் ஒரு வான் வாங்கினார். சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. பளபளவென்று புதுப் பெயின்ட். ஏழாம் மாதம், மருதமுனையில் நடுவீதியில் கதவொன்று தானாகக் கழன்று விழுந்தது. பிறகு தேடிப் பார்த்தால், பெல்ட்டின் சுருளுக்குள் கடல்மணல். அந்த வானைப் பற்றி ஸகியா ஒரு நாளும் கேட்டதில்லை. ஜவுபரும் ஒரு நாளும் சொன்னதில்லை. தனக்கென்று ஜவுபர் அதற்குப் பிறகு ஒரு சைக்கிள்கூட வாங்கவில்லை. பாண்டிருப்புவரை துரத்திய சைக்கிள் இரவல்.

“ஸம்றாட வாப்பா, திங்கக்கிழம நான் இதிலதான் போவன்” என்றார் ஸகியா.

“தனியப் போகாத புள்ள. நானும் வாறன்.”

திங்கட்கிழமை விடியுமுன்னே மழை. ஸகியா ஓட்ட, ஜவுபர் பக்கத்தில் இருந்தார். ஏழு மணி தாண்டிக் கிட்டங்கிக்கு வந்தபோது, தாம்போதிக்கு மேலால் கணுக்கால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு ட்ரக்டர் போனது, பிறகு ஒரு முச்சக்கரவண்டி போனது, ஒரு பையன் சைக்கிளில் வாழைக்குலையோடு போனான்.

“நிப்பாட்டு” என்றார் ஜவுபர்.

“பெட்டரிக்குள்ள தண்ணி போகாது. அது அடைச்சுக் கட்டினது. கணுக்காலுக்கெல்லாம் ஒண்டும் ஆகா.”

“நிப்பாட்டு புள்ள.”

கதவைத் திறந்து இறங்கினார். சாறனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். அஸ்கி சேரின் குடையை விரித்தார். இடுப்பிலிருந்து குத்தூசியை உருவி, காருக்கு முன்னால் தண்ணீருக்குள் நடந்தார். மூன்று எட்டு வைப்பார், குனிவார், ஊசியைத் தண்ணீருக்குள் வீதிவரை குத்துவார், எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பார், திரும்பிப் பார்க்காமலே குடைபிடித்த கையை லேசாக அசைப்பார். கார் மூன்று எட்டு நகரும். மறுபடி நிற்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் ஜப்பான்காரி ஏதோ மரியாதையாகச் சொன்னாள். மணிக்கூடு ஏழு இருபது காட்டியது. பின்னால் ஒரு ஹோர்ன் கேட்டது; ஸகியா பதினொரு மாதமாக ஓடி ஓடிப் பிடித்த அதே பஸ், ஒதுங்கி, காரின் மேல் ஒரு குளத்தை அள்ளி ஊற்றிவிட்டு முந்திக்கொண்டு போனது. யன்னலில் சுலக்சனாவின் முகம், கைக்குட்டைக்குள் சிரித்தபடி.

ஸகியா உள்ளங்கையை ஹோர்னில் வைத்து அழுத்திப் பிடித்தார்.

ஜவுபர் திரும்பவில்லை. குடையைத் தோளில் சாய்த்து, குனிந்து, தாம்போதியின் அடுத்த அடியில் குத்தூசியை இறக்கினார்.