சந்தையில் நான் கேட்டது இறால்

முதலில் தொலைந்த சொல் சீனி.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை நேரம். பினாங்கில், டத்தோ கிராமாட் வீட்டுச் சமையலறையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். சீனிப் போத்தல் என் கணவரின் கைப்பக்கம் இருந்தது. அதை எடுத்துத் தரும்படி கேட்க வாயைத் திறந்தேன். "சாவி" என்றேன். அவர் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். இல்லையென்று தலையசைத்துவிட்டு மறுபடி கேட்டேன். இம்முறை "சட்டை" என்று வந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என் வலது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது என் கையில் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

அவர் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டுக்காரர் எங்களைத் தன் காடியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, சொல் மாறி வந்தாலோ, கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். என் கணவர் அப்படி இருக்கவில்லை. அதனால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். வலது கையும் காலும் பலவீனப்பட்டிருந்தன. அவை மெல்லத் திரும்பும் என்று டாக்டர் நம்பிக்கை தந்தார். பேச்சைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு வந்திருப்பது அஃபேசியா (அறிவும் காதும் சரியாக இருக்க, சொல்லைத் தேடி எடுக்கும் திறன் மட்டும் கெட்டுப்போவது) என்று விளக்கினார். அவர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று சொல்லத்தான் முடியவில்லை.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் நாள் முழுக்கப் பேசிச் சம்பாதித்தவள். டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நான் மிகத் தெளிவாக, மிகப் பணிவாக, "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்றேன்.

கடிகாரத்தைக் காட்டினார். "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்." உங்கள் பெயர் என்ன என்றார். "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்." எனக்கு அழுகை வந்தது. டாக்டர், நல்ல மனுஷி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் காத்திருப்பதாகச் சொன்னார். பல வருடம் சொல்லிப் பழகிய சொற்கள் சிலருக்கு இப்படித் தப்பிப் பிழைக்கும் என்று பிறகு விளக்கினார். பல வாரங்களுக்கு என்னிடம் இருந்த முழுப் பேச்சும் அந்த மூன்று சொற்கள்தான். தாதியிடமும் அதுதான், சாமி படத்தின் முன்னாலும் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு கால் பரவாயில்லாமல் ஆயிற்று. பிசியோதெரபி (தளர்ந்த தசைகளுக்கான உடற்பயிற்சிச் சிகிச்சை) நன்றாக வேலை செய்தது. தமிழில் ஒற்றைச் சொற்கள் சில திரும்பின. ஆனால் ஒவ்வொன்றும் வந்து சேர நேரம் பிடித்தது. பார்க்க வந்தவர்களுக்கு அந்த நேரம் தாங்கவில்லை. சிலர் எனக்குக் காது கேட்காததுபோல் சத்தமாகப் பேசினார்கள். சிலர் என்னைப் பற்றி என் கணவரிடமே விசாரித்தார்கள்.

அவரும் பதில் சொன்னார். அன்பினால்தான் சொன்னார். நான் "தண்..." என்று தொடங்கினால் தண்ணீர் வந்துவிடும். "கத..." என்றால் கதவைச் சாத்திவிடுவார். ஒரு நாள் நான் சொல்ல வந்தது கதவு அல்ல, கதை. அவர் கதவைச் சாத்திவிட்டுத் திருப்தியாக வந்து உட்கார்ந்தார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அப்படியே பேசாமல் இருக்கப் பழகிவிட்டேன். போன் அடித்தால் பின்பக்கம் போய்விடுவேன்.

மகள் மாலதிக்குக் கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் வேலை, அங்கேயே வீடு. எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்தத் தொடங்கினாள். அவள் பயம் நியாயமானது. ஆனால் அவளும் என் கணவரும் என் எதிரிலேயே இதைப் பேசி, என்னைக் கேட்காமலேயே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள். சொல் இல்லாதவளுக்குக் கருத்தும் இருக்காது என்று எல்லாருமே நினைத்துவிடுகிறார்கள்.

எதிர் வீட்டு ருக்மணி அக்கா அப்படி நினைக்கவில்லை. தன் கணவர் இறந்த பிறகு, வயதானவர்களுக்காகச் சமூக மண்டபத்தில் நடந்த வகுப்புகளில் அவர் சேர்ந்திருந்தார். பத்திக் துணியில் வரைவது, சமையல், தைச்சி (மெல்ல அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி) என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. அவ்வப்போது வெளியே கூட்டிப்போவதும் உண்டு. கைக்கு நல்லது என்று சொல்லி என்னைத் தைச்சிப் பயிற்சிக்கு அழைத்துப்போனார். என் கணவரும் கூடவே வந்தார்.

போன அன்று தைச்சி மாஸ்டருக்குக் காய்ச்சல். பயிற்சி இல்லை. பக்கத்து அறையில் ஹொக்கியன் (பினாங்குச் சீனர்களின் பேச்சுமொழி) பேசும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வந்ததற்கு உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றார் அக்கா. என் கணவர் தயங்கினார்.

"தமிழே இன்னும் சரியா வரல அக்கா. இதுல ஹொக்கியன் எப்படிலா?"

"இங்க வர்ற யாருக்குத்தான் வருது தம்பி? வாங்க, வந்து உட்காருங்க."

பினாங்கில் பிறந்து வளர்ந்தும் எனக்கு ஹொக்கியன் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. மலாயை வைத்தே காலம் ஓடிவிட்டது. வகுப்பில் இருந்த தமிழர்களும் மலாய்க்காரர்களும் என்னைப் போலத்தான். டீச்சர் மிஸஸ் ஓய், ஆரம்பப் பள்ளியில் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அன்றைய பாடம் "சியாக் பா போய்?", அதாவது சாப்பிட்டாச்சா என்ற கேள்வியும் அதற்கான பதிலும்.

முதலில் ஒரு முன்னாள் தலைமை ஆசிரியர் எழுந்தார். பெயர் பாலசிங்கம். ஒரு காலத்தில் அவர் குரல் கேட்டால் பள்ளிக்கூடமே அடங்குமாம். கேள்வி வந்தது. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண்கள் மேலே போயின. விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. உதடு ஒரு சொல்லின் முனையைத் தொட்டு வழுக்கியது. கடைசியில் அவர் சொன்னது சாப்பிட்டேன் என்பதற்குப் பதிலாக வேறு ஏதோ. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போ யாவ் கின்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

அவருடைய அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. அவருக்குப் பிறகு எழுந்த மலாய் அம்மாவுக்கும் அதே முகம். ருக்மணி அக்காவுக்கும் அதே முகம். சுற்றிப் பார்த்தேன். அறை முழுக்க ஆட்கள் ஒரு சொல்லுக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. யாரும் வெட்கப்படவும் இல்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. என் கணவர் எனக்காக எழப் போனார். டீச்சர் அவரைக் கையமர்த்தினார். அறை காத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் முனகவில்லை, ஏனென்றால் எல்லாருக்குமே அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. "சியாக்... பா..." என்றேன். மிச்சம் வரவில்லை. "தலைமை ஆசிரியரைவிட உங்களுக்கு நன்றாக வருகிறது" என்று டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னார். பாலசிங்கம் எழுந்து எனக்குத் தலைவணங்கினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டு வந்தேன். வாயின் இரண்டு பக்கமும் சிரித்ததா என்று தெரியாது. பார்க்கத் தோன்றவில்லை.

ஹொக்கியன் என்னைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. முதல் மாதங்களில் மூளை தானாகவே கொஞ்சம் தேறும் என்று டாக்டர் சொன்னார். வகுப்பைப் பற்றிக் கேட்டு, விடாமல் போகும்படியும் சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாயைத் திறக்க எனக்கு மறுபடி ஆசை வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு அதுதான் முதலில் வேண்டியிருந்தது.

அந்த வகுப்புத் தவணையின் கடைசியில் டீச்சர் எங்களை ஜெலுத்தோங் சந்தைக்கு அழைத்துப்போனார். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பொருளை ஹொக்கியனில் கேட்டு வாங்க வேண்டும். மலாயில் பேசக்கூடாது, விரலால் சுட்டிக் காட்டக்கூடாது. நான் இறால் வாங்குவதாக முடிவு செய்து, அந்தச் சொல்லைக் காலையிலிருந்து மனத்துக்குள் உருட்டிக்கொண்டு போனேன்.

மீன் கடைக்கு முன்னால் ஒரே ஈரம், ஒரே இரைச்சல். ஐஸ் கட்டிகளின் மேல் இறால் குவியல் கண்ணெதிரே இருந்தது. கடைக்கார அம்மா என்ன வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்தேன். நண்டுக்கான சொல் வந்தது. அந்த அம்மா ஒரு நண்டைத் தூக்கினார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். மறுபடி முயன்றேன். மறுபடியும் நண்டுதான் வந்தது. அவர் அதைவிடப் பெரிய நண்டைத் தூக்கிக் காட்டினார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கு முன்னால் கையை நீட்டி, "ஊடாங், ஊடாங்" என்று மலாயில் இறாலைக் கேட்டார்.

"நீங்க சும்மா இருங்க. நான் பேசிக்கிறேன்."

யார் சொன்னது என்று நானே ஒரு கணம் யோசித்தேன். இடையில் நிற்காமல், தேடாமல், தமிழில் முழுதாக இரண்டு வாக்கியம். என் கணவர் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "சரிம்மா, நீயே பேசு" என்று சொல்லி இரண்டடி பின்னால் போய் நின்றார். ருக்மணி அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

கடைக்கார அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. நண்டு வேண்டுமா, வேண்டாமா என்று அவர் கேட்டார். இறாலுக்கான சொல்லை இனித் தேட எனக்குப் பொறுமை இல்லை. வேண்டும் என்ற சொல் கையருகே இருந்தது. "ஆய்" என்றேன். இரண்டு பெரிய நண்டுகளோடு வீட்டுக்கு வந்தோம். என் வலது கைக்கு ஓடு உடைக்கும் பலம் இல்லை. அவர் உடைத்து உடைத்துத் தட்டில் வைத்தார், நான் சாப்பிட்டேன். அன்று அவர் எனக்காக ஒரு சொல்லும் முடிக்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் காலை உப்பு என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். சில சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது எனக்கே தெரியும்.

அடுத்த விடுமுறையில் மாலதி வந்து, சாமான்களை எப்போது கட்டலாம் என்று கேட்டாள். அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அவளும் என் பக்கம் திரும்பினாள்.

"நான்... வரல. கிளாஸ்... இருக்கு."

"கிளாஸ் முக்கியமாம்மா, உடம்பு முக்கியமா?"

பதில் உள்ளே தயாராக இருந்தது. சொற்கள்தான் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. அவள் ஒரு முறை வாயைத் திறந்தாள். அவர் அவள் கையைத் தொட்டார். அவள் காத்திருந்தாள்.

"அங்க போனாதான்... எனக்கு உடம்பு... நல்லாருக்கு."

 அப்படி என்னதான் நடக்கிறது அங்கே, நானும் வந்து பார்க்கிறேன் என்றாள்.

பார்க்கவும் செய்தாள். வகுப்பின் அடுத்த வெளியூர்ப் பயணம் அவள் இருக்கும் செபராங் ஜெயாவுக்கே, அங்குள்ள பறவைப் பூங்காவுக்கு. ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ். மாலதி லீவு போட்டுவிட்டுப் பூங்கா வாசலில் நின்றாள். உள்ளே ஒரு கூண்டில், தலைமேல் இன்னொரு அலகை வைத்துக்கொண்டதுபோல் ஒரு பெரிய பறவை. அதன் பெயரை மாலதிக்குச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் நின்ற பாலசிங்கத்துக்கும் வரவில்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் ஹொக்கியனிலும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிப் பார்த்துச் சண்டை பிடித்தோம். மாலதி சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் நோயாளி ஆன பிறகு அவள் என் பக்கத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு வீட்டை வாடகைக்கு விடும் பேச்சு எழவில்லை.

இப்போது என் வலது கால் ஈரத் தரையை இடது காலைவிடத் தாமதமாக உணர்கிறது. அதனால் பார்த்து நடக்கிறேன். கை வெயிலில் சூடாவதைக் கவனிக்கிறேன். முன்பு உடம்பு என்று ஒன்று இருப்பதே வேலை நேரத்தில் நினைவுக்கு வராது. சொல்லும் அப்படித்தான். நினைத்ததும் வந்து நிற்கும், அதனால் எதையும் சொல்லிவிடுவேன். இப்போது நினைப்புக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு வெளி இருக்கிறது. முதலில் அதில் விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். இப்போது அங்கே கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளவும் முடிகிறது. அந்த நேரத்தில் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது.

பறவைப் பூங்கா போன அன்று மாலை ஃபெரியில் திரும்பும்போது நல்ல காற்று. அடுத்த தவணையில் நீச்சல் வகுப்பு வருகிறது என்று டீச்சர் அறிவித்தார். சிலர் கால் வலி என்றார்கள், சிலர் வயதைச் சொன்னார்கள். ருக்மணி அக்கா என் பக்கம் திரும்பி, நீ எப்படி என்று கேட்டார்.

"என் பேரையும்... போடுங்கக்கா. எனக்கு நீச்சல்... தெரியாது. இப்பவாவது... கத்துக்கணும்லா."

இதைச் சொல்லத் தொடங்கியபோது படகு நடுக்கடலில் இருந்தது. முடித்தபோது துறையில் முட்டி நின்றது. யாரும் எழுந்து போயிருக்கவில்லை.